கடல் கடக்கக் கூடாத தலைப்பு

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கான 125 இடங்களுள் 115 பட்டியல் சாதியினருக்குரியவை. அதைக்கொண்டு நம் மாணவர் அயல்நாட்டில் மருத்துவம் பயிலலாம். இந்தியப் பண்பாட்டையோ வரலாற்றையோ சமூகத்தையோ ஆராய இயலாது. 2022-23க்கான வழிகாட்டுநெறிகள் அவற்றை விலக்கின. அதற்கான வளங்கள் உள்நாட்டிலேயே உள்ளனவாம்!

எய்ம்ஸ் மருத்துவக் கல்வியில் நிலவிய சாதிப் பாகுபாட்டை 2007இல் தோரட் குழு வெளிக்கொணர்ந்தது. அத்தகைய ஆய்வும் இவ்விலக்கில் சிக்கும் என்றே நாம் கருதுகிறோம். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் வாசித்த ஆய்வுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. அவரை அனுப்பியது பரோடா மன்னரின் உதவித்தொகை. இன்றைய விதிப்படி அத்தலைப்புக்கு உதவி கிட்டாது.

பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக்கவனத்துடன் பேணுமாறு அரசமைப்பின் 46ஆம் உறுப்பு அரசைப் பணிக்கிறது. தலைப்பின் பொருட்டு விண்ணப்பம் தள்ளப்பட்டால், மாணவர்கள் காரணத்தை எழுத்தில் கோரிப் பெற வேண்டும். வழக்காடுவதற்கு நமக்கு அதுவே முதல் ஆவணம்.