முன்னிரவில் தொடங்கும் விழிப்பு

தளர்நடைப் பருவம் எனப்படும் ஒன்று முதல் மூன்று வயது வரையிலான காலத்தில், படுக்க மறுத்து அடம்பிடிப்பதும் நள்ளிரவில் பலமுறை விழித்து அழுவதும் இரு வேறு குறைகளாகவே வெளிநோயாளர் பிரிவில் சொல்லப்படுகின்றன. சொல்லப்படும் நேரமும் பெரும்பாலும், சளி, எடை, தடுப்பூசி பற்றிப் பேசி முடித்து, தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும் நேரமாகவே இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் இரவு இரண்டு மணிக்கு நடப்பதைக் கேட்பதைவிட, முன்னிரவில் அக்குழந்தை எத்தனை மணிக்கு, யார் கையில், எந்த நிலையில் கண்மூடுகிறது என்று கேட்பதே மருத்துவருக்கும் செவிலியருக்கும் அதிகம் பயன்தரும்.

இதற்கான காரணம் உறக்கத்தின் அமைப்பிலேயே உள்ளது. இவ்வயதில் ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் சேர்ந்த ஒரு சுழற்சி ஏறத்தாழ ஒரு மணி நேரமே நீடிக்க, ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் குழந்தை விழிப்பின் விளிம்புக்கு வந்து, சுற்றுமுற்றும் உணர்ந்து, மீண்டும் அமிழ்கிறது. கைக்குழந்தைகள் இரவில் உறங்குவதை ஒளிப்பதிவு செய்து தாமஸ் ஆண்டர்ஸ் 1979இல் வெளியிட்ட ஆய்வு, விடியும்வரை தூங்கியதாகப் பெற்றோர் நம்பிய குழந்தைகளும் இடையில் விழித்தன என்பதையும், அவை சத்தமின்றித் தாமே மீண்டும் உறங்கிவிட்டன என்பதையும் காட்டியது. எல்லாக் குழந்தைகளும் விழிக்கின்றன. தானாக உறக்கத்துக்குத் திரும்பத் தெரியாத குழந்தையே வீட்டாரை எழுப்புகிறது.

கண்ணயரும்போது உடனிருந்த ஒன்று, இடையில் விழிக்கும்போதும் வேண்டியதாகிவிடுவதை உறக்கத் துணைப்பழக்கம் எனலாம். தமிழ் வீடுகளில் இதற்குத் தூளியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. விட்டத்துக் கொக்கியில் கட்டிய பழைய நூல்சேலைக்குள் வேகமாக ஆட்டப்பட்டு, துணி இருபுறமும் அணைத்திருக்க உறங்கிப்போன குழந்தை, மெல்லத் தூக்கிப் பாயில் கிடத்தப்படுகிறது. ஒரு மணி நேரம் கழித்து அது விழிப்பின் விளிம்புக்கு வரும்போது ஆட்டமும் இல்லை, துணியின் அணைப்பும் இல்லை, கண்மூடிய இடமும் மாறியிருக்கிறது. தொலைந்ததைத் தேடித்தான் அது அழுகிறது. பால்புட்டியோ, தோளில் போட்டு உலாத்துவதோ, அலைபேசிக் காணொளியோ துணையாக இருப்பினும் இதே விதி பொருந்தும்; புட்டிப்பால் சொத்தைப் பல்லையும் சேர்த்துத் தருகிறது.

படுக்க மறுப்பதன் வேர் பெரும்பாலும் நேரக்கணக்கில் கிடக்கிறது. வழக்கமாக உறக்கம் வரும் வேளைக்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் விழிப்பு தணியாமல் கூர்மையடைவதை, வளர்ந்தோரிடம் ஆய்ந்து, உறக்கத்தின் தடைவேளை என்ற பொருளில் பெரெட்ஸ் லாவி 1986இல் விவரித்தார். மாலை ஐந்து மணிவரை பகலுறக்கம் கொண்ட குழந்தையை எட்டு மணிக்குக் கிடத்தினால், அது இந்த வேளையில்தான் கிடத்தப்படுகிறது. பிறகு நடக்கும் இரண்டு மணி நேரப் போராட்டத்தைப் பிடிவாதம் என்று வீடு பெயரிடுகிறது. ஒளியும் இதில் பங்கேற்கிறது: கொலராடோவில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேரிடம் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரப் பேரொளி, உறக்கவேளையை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் சுரப்பை ஏறத்தாழ 88 விழுக்காடு குறைத்தது. ஆய்வு சிறியது, அங்கு பயன்பட்ட ஒளியும் வீட்டு விளக்கைவிட வலியது. எனினும் இரவு ஒன்பதரைக்கும் கூடத்தில் ட்யூப்லைட் எரிவதைப் பற்றி ஒரு சொல் கேட்க அது போதுமான காரணமாகும்.

நடத்தைமுறைச் சிகிச்சையின் பயனில் ஐயமில்லை. 2006இல் வெளியான மதிப்பாய்வு எடுத்துக்கொண்ட 52 ஆய்வுகளில் 94 விழுக்காடு அது பயன்தருவதாகவே கண்டன. ஆயினும் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் பரவலாக்கிய, அழும் குழந்தையைக் கவனிக்கும் இடைவெளியைப் படிப்படியாக நீட்டும் முறை, குழந்தைக்குத் தனியறை உள்ள வீட்டை மனத்தில் கொண்டது. அம்முறை கொடியதென்று சொல்ல ஆதாரமில்லை. கைக்குழந்தைப் பருவத்தில் இத்தகைய உதவி பெற்றவர்களை ஆறு வயதில் பரிசோதித்த மெல்பர்ன் ஆய்வு, நீடித்த தீங்கையோ நீடித்த நன்மையையோ காணவில்லை. ஆனால் ஒரே அறையில் நால்வர் படுக்கும் வீட்டில், மாமியார் எழுந்து உட்கார, பக்கத்துவீட்டுச் சுவர் ஒட்டியிருக்க, மூன்றாம் இரவில் கைவிடப்படும் முயற்சி, தொடங்காமல் இருப்பதைவிடக் கேடானது. நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்று அது குழந்தைக்குக் கற்பித்துவிடுகிறது.

இத்தகைய வீட்டுக்குத் துணைப்பழக்கத்தைச் சிறுகச் சிறுகக் குறைப்பதே உகந்தது. தூளி ஆட்டம் முதலில் மெதுவாக்கப்பட்டு, சில இரவுகளில் கண் சொருகும் முன்பே நிறுத்தப்பட்டு, பின் துணிமேல் கைமட்டும் வைக்கப்பட்டு, இறுதியில் பாயிலேயே தட்டிக்கொடுத்து உறங்கவைக்கப்படலாம். தாய் அருகிலேயே படுத்திருக்கலாம். கூடப் படுப்பதைக் குற்றமாகப் பேசும் ஆலோசனை தாயை மருத்துவமனையிலிருந்து விரட்டவே உதவும். படுக்கைநேரத்தைப் பொறுத்தவரை, குழந்தை உண்மையில் உறங்கும் நேரத்திலேயே, அது பத்தேகாலானாலும், சில நாட்கள் கிடத்தி, விரைவில் உறங்கத் தொடங்கியபின் கால்மணி கால்மணியாக முன்னுக்குக் கொண்டுவருவதும், காலையில் எழுப்பும் நேரத்தை மாற்றாதிருப்பதும் வேண்டும்.

தூக்கத்துக்காக ஒவ்வாமை எதிர்ப்பு சிரப்பை எழுதிக்கொடுக்கும் வழக்கத்தைக் குழந்தை மருத்துவத்துறை கைவிட வேண்டும். ஆறு முதல் பதினைந்து மாதக் குழந்தைகளிடம் டைஃபென்ஹைட்ரமினைச் சோதித்து 2006இல் வெளியான ஆய்வு, பயனில்லையென இடையிலேயே நிறுத்தப்பட்டது. புரொமெத்தசின், மூச்சு ஒடுங்கும் ஆபத்தால், இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பால் எச்சரிக்கப்பட்டது.

மருந்துச்சீட்டுக்குப் பதில் தேவைப்படுவது தேடல். குறட்டையும் வாய்வழி மூச்சும் அடினாய்டு, டான்சில் வீக்கத்தை நோக்கிக் கைகாட்டும். இரவெல்லாம் புரண்டு கால்களை உதைக்கும் குழந்தையிடம் இரும்புச்சத்துக் குறைவை எண்ணாமல் இருக்க முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, கிழித்த தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஏழு நாட்களுக்கு, பகலுறக்கம் கலைந்த நேரம், விளக்கணைத்த நேரம், கண்மூடிய நேரம், விழித்த நேரங்கள் ஆகியவற்றைத் தாய் குறித்துவரச் சொல்லலாம். அடுத்த வருகையில் அந்த ஏழு தாள்களையும் மேசைமேல் வரிசையாக வைக்கும்போது, விளக்கணைத்ததற்கும் கண்மூடியதற்கும் இடையே கிடக்கும் ஒன்றரை மணி நேரத்தை, மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே தாய் விரல் வைத்துக் காட்டிவிடக் கூடும்.