கோப்பை எண்ணிக்கை யாரை அளக்கிறது?

2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடைபெற்ற சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி பிலடெல்பியா ஈகிள்ஸிடம் 22-40 எனத் தோற்றது. தொடர்ச்சியாக மூன்றாவது முறை வாகை சூடும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. பேட்ரிக் மஹோம்ஸ், டாம் பிரேடிக்கு நிகராவாரா என்ற விவாதத்தையும் பலர் அன்றே முடித்துவிட்டனர். பிரேடிக்கு ஏழு கோப்பைகள், மஹோம்ஸுக்கு மூன்று. இதற்கு மேல் என்ன பேச்சு என்பது அவர்களது வாதம். இந்தக் கணக்கை என்னால் ஏற்க இயலவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் மூளை. ஆயினும் பந்தை எறிய அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று விநாடிகளே. அந்த விநாடிகளை அவருக்கு ஈட்டித் தருபவர்கள் முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடுப்பாட்டக்காரர்கள். 2025 இறுதியாட்டத்தில் ஈகிள்ஸ் கூடுதல் ஆட்களை ஏவவே இல்லை. வழக்கமான தாக்குவரிசையைக் கொண்டே மஹோம்ஸை ஆறு முறை பந்தோடு வீழ்த்தியது. 2021 பிப்ரவரியில் பிரேடியின் டாம்பா பே அணியிடம் அவர் 9-31 எனத் தோற்றபோதும், அவருடைய முதன்மைப் பக்கத் தடுப்பாளர்கள் இருவரும் காயத்தால் களத்தில் இல்லை. ஓடியபடியே, உடலைத் திருப்பியபடியே, நினைத்துப் பார்க்க முடியாத கோணத்திலிருந்து பந்தை எறிவது மஹோம்ஸின் பலம். அரண் சரிந்தால் அதே துணிவு அவசரமாக மாறுகிறது. அன்றிரவு அவர் எறிந்தவற்றில் இரண்டு எதிரணியின் கைக்குப் போயின.

பிரேடியும் இதற்கு விலக்கல்லர். 40 யார்டு ஓட 5.28 விநாடி எடுத்துக்கொண்ட இளைஞரை 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் 199-ஆவது இடத்தில்தான் அழைத்தார்கள். மந்தமான கால்களுக்கு ஈடாக, எதிரணியின் அமைப்பை நொடியில் படித்துப் பந்தை உடனே விடுவிக்கும் ஆற்றலை அவர் வளர்த்துக்கொண்டார். 2017 பிப்ரவரியில் 3-28 எனப் பின்தங்கியிருந்த ஆட்டத்தை மீட்டது அந்த நிதானமே. எனினும், அதுவரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத அவருடைய அணி 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 14-17 என வீழ்ந்ததற்குக் காரணம், அவரை ஐந்து முறை மண்ணில் சாய்த்த ஜயன்ட்ஸின் தாக்குவரிசை.

கோப்பைக் கணக்கின் பொய் பெய்ட்டன் மேனிங்கிடம்தான் நன்கு வெளிப்படுகிறது. 2013 பருவத்தில் 55 டச்டவுன் பந்துகளை எறிந்து அவர் சாதனை படைத்தார். இறுதியாட்டத்தில் அவரது டென்வர் அணி 8-43 எனச் சிதைந்தது. 2015 பருவத்தில் தோள் தளர்ந்து, 9 டச்டவுன்களுக்கு 17 பந்துகளை எதிரணிக்குத் தாரை வார்த்தார். கோப்பையோ அந்த ஆண்டுதான் கிடைத்தது. வென்றது டென்வரின் தற்காப்பு. மறுபுறம், டான் மரினோ 1984-இலேயே 5,000 யார்டுகளைக் கடந்தும் கோப்பையின்றியே ஓய்வு பெற்றார். இவர்களுள் யாரிடம் குறை என்பது?

விருதுகளும் இதே பிழையைச் செய்கின்றன. அசோசியேட்டட் பிரஸ் வழங்கும் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது 1982-இல் பந்தை உதைக்கும் மார்க் மோஸ்லிக்குக்கூடக் கிடைத்தது. (உதைப்பவர் ஆட்டத்தில் சில நிமிடங்களே களத்தில் இருப்பார்.) முன்வரிசைத் தடுப்பாளர் எவருக்கும் அது இன்றுவரை கிடைத்ததில்லை. கடந்த யார்டுகள், பிடித்த பந்துகள் என எண்ணிச் சொல்ல அவரிடம் எதுவுமில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்யும்வரை தொலைக்காட்சி அவர் பெயரையே உச்சரிப்பதில்லை.

ஆனால் ஆட்டத்தின் விலையை அதிகம் செலுத்துவோரில் அவர்களும் அடங்குவர். நான்கு கோப்பைகளை வென்ற பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் நடுத் தடுப்பாளர் மைக் வெப்ஸ்டர், 17 பருவங்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் தலையோடு தலை மோதினார். ஓய்வுக்குப் பின் நினைவு தடுமாறி, சில காலம் தம் வண்டியிலேயே உறங்கி, 2002-இல் 50 வயதில் இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தொடர் மோதல்களால் விளையும் சிதைவுநோயை அதில் கண்டறிந்து 2005-இல் வெளியிட்டார். லீகின் மருத்துவக் குழுவினர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கோரினர். வெப்ஸ்டர் காத்துநின்ற குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷாவின் பெயரோ, ஒப்பீட்டுப் பட்டியல்களில் நான்கு கோப்பைகளோடு இன்றும் இடம்பெறுகிறது.