இரண்டு மீட்டர் சட்டம்

சைக்கிளின் பாட்டன் பிறந்த ஊர், ஜெர்மனியின் மான்ஹைம். பெடல் இல்லாத மர வண்டியைக் காலால் உந்தியபடி 1817 ஜூன் 12 அன்று ஊரை விட்டுக் கிளம்பினார் கார்ல் டிரைஸ். தார் ரோடெல்லாம் அப்போது ஏது? இதில் வேடிக்கை, மனிதர் வன இலாகா அதிகாரி!

அதே மான்ஹைமில்தான் ரைனில் கலக்கிறது நெக்கர் நதி. கரையோரமாக மேலே போனால் ஹைடல்பர்க் கோட்டை, அப்புறம் ஓடன்வால்ட் காடு. மண் பாதைக்கென்றே தடித்த டயர் போட்டு வரும் 'கிராவல் பைக்' ஆசாமிகளுக்கு சொர்க்கம். ஆனால், பாடன்-வூர்ட்டம்பர்க் மாநில வனச் சட்டம் குறுக்கே நிற்கிறது. தனி அனுமதி தராத வரை, 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாதாம். டேப்பும் கையுமாகவா காட்டுக்குப் போவது?

நடப்பவர்களின் பாதுகாப்புக்காக என்கிறார்கள். சரி சார், ஒற்றையடிப் பாதையில் மெல்ல மிதித்து வரும் பாட்டி குற்றவாளி. அகலப் பாதையில் ஆளை உரசிக்கொண்டு பறக்கிறவன் யோக்கியனா? முரட்டுத்தனமாக ஓட்டுகிறவனைப் பிடித்து அபராதம் போடுங்கள். பாதை என்ன பாவம் செய்தது?

நாலு கோட்டைகள் வரிசையாக நிற்கும் நெக்கர்ஸ்டைனாக், ஹைடல்பர்க்கிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால், அது ஹெஸ்ஸன் மாநிலம். அங்கே இந்த 2 மீட்டர் கணக்கே கிடையாது. அதே ஆறு, அதே காடு, அதே டயர். அங்கே நடக்கிறவர்களுக்கு மட்டும் என்ன, இரும்புக் காலா?