இப்படிக்கு, எக்ஸ் எக்ஸ் எக்ஸ்

தெருவில் எந்த வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? விடியற்காலை நாலரைக்கு மொட்டை மாடியைக் கவனியுங்கள். கணக்குப் படிக்கிறவன் வாயைத் திறக்க மாட்டான். இங்கிலீஷ் படிக்கிறவன் மட்டும் தெருவுக்கே ஒப்பிப்பான். பால்காரரே பாதி பாடத்தில் பாஸ் ஆகிவிடலாம்!

நம் மாநிலத்தில் முன்பெல்லாம் பத்தாவது இங்கிலீஷுக்கு இரண்டு தாள். 2019-ல் அரசு ஒன்றாக்கியது. 2020-லும் 2021-லும் கொரோனா வந்து பரீட்சையே ரத்து. அதனால் பள்ளிப் பிள்ளைகள் அந்த ஒற்றைத் தாளை முதன்முதலாக எழுதியது 2022 மே மாதம்தான். 100 மார்க், பாஸுக்கு 35. தாள் ஒன்று குறைந்ததே தவிர, மனப்பாடம் ஒரு வரி குறையவில்லை.

எங்கள் மாடி வீட்டு அம்மா ஒருநாள் பையனை இழுத்து வந்து, "சார், நீங்க பி.காம்.தானே, இவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் பாருங்க" என்றார். பி.காமில் நான் கற்ற இங்கிலீஷ் 'டெபிட்', 'கிரெடிட்' இரண்டுதான் என்று சொன்னால் நம்புவாரா?

பையன் கடிதம் ஒப்பித்தான். சுற்றுலா போக 500 ரூபாய் கேட்டு அப்பாவுக்கு. "மை டியர் ஃபாதர், ஐ ஆம் க்வைட் வெல் ஹியர்..." மூச்சு விடவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் தமிழ் எழுத்தில்!

"எந்த ஊருக்குடா டூர்?"

"தெரியாது அங்கிள். அது நோட்ஸ்ல இல்ல."

கீழே கையெழுத்து: எக்ஸ் எக்ஸ் எக்ஸ். ஊர்: ஒய் ஒய் ஒய். திருத்துகிறவருக்கு யார் பேப்பர் என்று தெரியக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நியாயம்தான்.

"சரி, மாமாகிட்ட வாட்ச் கேட்டு எழுதச் சொன்னா?"

"அது வேற லெட்டர் அங்கிள். இன்னும் மனப்பாடம் பண்ணல."

அவன் அப்பா மூன்று வருஷமாக மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். நோட்டை மூடிவிட்டு, "உங்கப்பாவுக்கு நிஜமா என்ன எழுதுவே? அஞ்சே வரி. தப்பா இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். தலையைச் சொறிந்தான். பேனாவைக் கடித்தான். கால் மணி கழித்து நீட்டினான்.

'அப்பா, யூ கம் வென்? அம்மா நைட் நாட் ஈட்டிங். ஷி டெல் மீ டோன்ட் டெல். ஐ வில் பாஸ். டோன்ட் சென்ட் ஷூ, யூ கம்.'

வரிக்கு ஒரு தப்பு. ஆனால் மஸ்கட்டில் இருக்கிறவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகாது. கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. அப்புறம் 'வென் வில் யூ கம்' என்று ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். மறுநாள் கேட்டேன், பிசகாமல் சொன்னான். அது அவன் கேள்வியாயிற்றே, எப்படி மறக்கும்? அந்தத் தாளை மட்டும் அவன் அம்மாவிடம் நான் காட்டவில்லை.

மனப்பாடமே கூடாது என்று நான் கொடி பிடிக்கவில்லை. மெமரி போயத்தை ஒப்பித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் கடிதம் அப்படியில்லை. ஒப்பித்த கடிதத்தில் மூன்றாவது வரி மறந்தால் நாலாவது வரி வராது. சொந்த வரி மறந்தால் பக்கத்திலேயே இன்னொரு வரி கிடைக்கும்.

ஆகவே பெற்றோர்களே, ராத்திரி பத்து நிமிஷம் நோட்ஸைப் பிடுங்கி வையுங்கள். இன்றைக்கு என்ன நடந்தது, யார் மேல் கோபம், என்ன வேண்டும்... அஞ்சு வரி எழுதச் சொல்லுங்கள். இலக்கணத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பரீட்சை ஹாலில் பிள்ளை எக்ஸ் எக்ஸ் எக்ஸாக இருக்கட்டும், வீட்டிலுமா?