அருள்மொழியும் அகிம்சையும்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ இரு பாகங்களாக (2022, 2023) வந்து போனபின் நம் வகுப்பறையில் அருள்மொழிவர்மன் ஒரு புத்தனாகிவிட்டான். முதுகலை மாணவர் ஒருவர் தம் கட்டுரையில் அவனை அசோகனுக்கு இணைவைத்து எழுதியிருந்தார். மதிப்பெண் இடுமுன் நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்த அருளுடைமை கதை முழுவதும் ஒரே சீராக நிற்கிறதா? புதினத்தில் நிற்கிறது, படத்தில் முறிகிறது என்பதே நம் கருத்து. ஆயின் முறியும் இடம் பொதுவாகச் சுட்டப்படும் இடமன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கல்கியின் அருள்மொழி போரைத் துறந்தவனல்லன். ஈழத்தில் அவன் படைத்தலைவன். ஆனால் அந்தப் போரின் செலவு யார் தலையில் விழவேண்டும் என்பதில் அவனுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. படைவீரருக்கான உணவு சோழநாட்டிலிருந்தே கப்பலில் வரவேண்டும். ஈழத்துக் குடிகளின் களஞ்சியத்தில் கைவைக்கக் கூடாது. பழுவேட்டரையர்களுக்கு இது பிடிக்கவில்லை. வென்ற நாட்டிலிருந்து பொருள் வரவேண்டியிருக்க, இங்கிருந்து போகிறதே என்ற மனக்குறை. அநுராதபுரத்திலோ சிதைந்த விகாரங்கள் அவன் ஆணையால் செப்பனிடப்படுகின்றன. பௌத்த சங்கம் மணிமுடியை நீட்டும்போது அவன் மறுப்பது இந்த ஒழுக்கத்தின் தொடர்ச்சியே. ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப்படிப்பை விட்டுச் சிறை சென்ற ஒருவர், காந்தி கொல்லப்பட்ட சில ஆண்டுகளில், 1950க்கும் 1954க்கும் இடையே எழுதிய தொடர்கதை இது என்பதையும் மறக்கலாகாது.

கல்கிக்கு ஒரு வசதி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈழப்போரை அவர் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார். இளவரசன் யானையை அடக்குவதும் வந்தியத்தேவனுடன் விளையாட்டாய் வாள் சுழற்றுவதும் நம் கண்முன் நிகழ்கின்றன; அவன் கையால் சாகும் எளிய சிங்களப் போர்வீரனை நாம் சந்திப்பதே இல்லை. இதோடு ஒப்பிட்டால் ‘சிவகாமியின் சபத’த்துப் பரஞ்சோதி நேர்மையான படைப்பு. வாதாபி எரிந்தபின்தான் அவன் வாளைக் கீழே வைத்துச் சிறுத்தொண்டராகிறான். அவனது துறவுக்கு ஒரு நகரமே விலையாகிறது. அருள்மொழிக்கு அப்படிப்பட்ட விலை எதையும் கல்கி வைக்கவில்லை.

படத்துக்கு இந்த வசதி கிடையாது. போரைக் காட்டியே ஆகவேண்டும். இரண்டாம் பாகத்தின் இறுதியில், கல்கியிடம் இல்லாத, இராஷ்டிரகூடருடனான ஒரு பெரும்போர் சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘சாந்தமூர்த்தி வாளெடுத்துவிட்டானே’ என்று பலர் குறைப்பட்டார்கள். அது குறையன்று, படை எதிரே வந்து நின்றால் அவன் வாளெடுப்பான், கல்கியின் அருள்மொழியும் எடுத்திருப்பான். சிக்கல் வரிசையில் இருக்கிறது. புதினத்தில் மக்களும் கொடும்பாளூர்ப் படையும் அருள்மொழி பக்கம் நிற்க, பழுவேட்டரையர்கள் எதிர்ப்பக்கம் நிற்க, உள்நாட்டுப் போர் தஞ்சைக் கோட்டை வாசல்வரை வந்துவிடுகிறது. தனக்குச் சூட்டவிருந்த மகுடத்தை அவன் உத்தமசோழன் தலையில் வைக்கும் அந்தச் செயல் ஒரு போரைத் தடுக்கிறது. ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று பெயரிட்டதன் பொருள் அதுவே. படத்திலோ போர் நடந்து, வெற்றியும் கிடைத்தபின் முடி கைமாறுகிறது. இங்கே அது வென்றவனின் பெருந்தன்மை. அழகான காட்சிதான். ஆயினும் அது எந்தப் போரையும் தடுக்கவில்லை.

நியாயத்துக்காக ஒன்று: படம் ஓரிடத்தில் கல்கியை விஞ்சுகிறது. புதினத்தில் முடி பெறும் சேந்தன் அமுதன் பூத்தொண்டு செய்யும் சாது, அரசை விரும்பாதவன். அவனுக்கு விட்டுக்கொடுப்பதில் பெரிய வலி இல்லை. படம் அந்த ஆள்மாறாட்டத்தை நீக்கிவிட்டு, முடிக்கு ஆசைப்பட்டுச் சூழ்ச்சியில் கலந்த மதுராந்தகனுக்கே அதைத் தருகிறது. இது கடினமான ஈகை.

சரி, வரலாற்று அருள்மொழி எப்படிப்பட்டவன்? அம்பத்தூரில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவள்ளூர் தாண்டி வருவது திருவாலங்காடு. இராசேந்திரன் காலத்துச் செப்பேடுகள் கிடைத்த ஊர். சிற்றப்பன் விரும்பும்வரை அருள்மொழி அரசை மனத்தாலும் விரும்பவில்லை என்ற செய்தியை நமக்குத் தருவது அந்த ஏடுகளே. பாண்டியன் தலையை ஆதித்தன் தலைநகரில் நட்டதைச் சொல்வதும் அவையே. பின்னாளில் அருள்மொழி ஈழத்தை வென்றதை, குரங்குகளின் துணையோடு பாலம் கட்டிக் கடந்த இராமனைக் காட்டிலும் மேலானதாய்ப் புகழ்வதும் அவையே. அநுராதபுரம் சோழப்படையால் அழிந்தது அவன் ஆட்சியில். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததும் அவனே. (ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய அவ்விகாரம் கதை நிகழும் காலத்துக்குப் பிற்பட்டது, கல்கி தம் இளவரசனை அங்கே ஒளித்துவைத்தது கதைக்காக எடுத்துக்கொண்ட உரிமை.) ஏட்டை எழுதிய புலவனுக்கு இவற்றுள் முரண் எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. முரண் நம் காலத்தின் கவலை. ஈழத்தைப் பற்றிப் பேசும்போது தமிழனுக்கு அந்தக் கவலை கூடுதலாகவே இருக்கவேண்டும்.

படத்தில் போரை உண்மையாகவே வெறுப்பவன் ஒருவன் உண்டு. அவன் ஆதித்த கரிகாலன். அடிபட்டுக் கிடந்த வீரபாண்டியனை, நந்தினி கெஞ்சக் கெஞ்ச வெட்டிய கை அவனுடையது. அதன்பின் அவனுக்கு உறக்கமில்லை. எத்தனை களம் கண்டாலும் அந்த ஒரு குடிசைக்கே திரும்பத் திரும்ப வருகிறான். இரு பாகங்களிலும் சற்றும் பிசகாத குணம் அது ஒன்றுதான். விக்ரமின் முகத்தில் அது மிகையாய்த் தெரிந்த இடங்கள் உண்டு. பொய்யாய்த் தெரிந்த இடம் இல்லை.

அந்த மாணவருக்கு நாம் மதிப்பெண் குறைக்கவில்லை. அசோகன் என்ற பெயருக்கு எதிரே ஓரத்தில் ‘கரிகாலன்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தோம்.