மூட்டு வலி ஒன்றல்ல

தறிக்குழியில் மிதிக்கும் காலும், வயலில் நாற்று நடுவோர் முழங்காலும் நோவெடுத்தால், ‘வாதம்’ என்ற ஒரே சொல்லில் நாம் முடித்துவிடுகிறோம். இது தவறு என்பதே நம் கருத்து.

மூட்டு நோய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. வயதாலும் உழைப்பாலும் முழங்கால் குருத்தெலும்பு தேய்வது ஒருவகை. அவ்வலி ஓய்வில் தணியும். யூரிக் அமிலம் படிந்து, கால் பெருவிரல் திடீரென வீங்குவது பிறிதொன்று. 2006ஆம் ஆண்டு தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியா, பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு நோவை விட்டுச்சென்றதை அங்கத்தினர் மறந்திரார்.

முடக்குவாதமோ வேறு. உடலின் காப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும். இரு கைவிரல்களும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் விறைத்திருக்கும். ஆண்களைவிடப் பெண்களையே, நடுவயதிலேயே, மிகுதியாகப் பற்றும். மதுரைச் சுங்குடிக்கு முடிச்சிடும் விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை அல்லவா?

தொடக்கத்திலேயே தக்க மருந்துண்டால் விரல் கோணாமல் காக்கலாம். கடையில் வலி மாத்திரை வாங்கி நாள் கடத்தினால் வலி மறையும்; நோய் உள்ளே அரிக்கும்; சிறுநீரகமும் கெடக்கூடும்.

ஆகவே, விரல் வீக்கமும் காலை விறைப்பும் கண்டோர் தாமதியாது மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையை நாடுக. நூலுக்கும் கடனுக்கும் கூடும் நம் சங்கக் கூட்டங்கள் இதனையும் பேசுதல் வேண்டும். தறி பழுதானால் மாற்றலாம். விரலை மாற்ற இயலாது.