பனியிலும் ஓடலாம்: டொராண்டோவிலிருந்து ஒரு திறந்த மடல்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வாழ் அன்பர்களுக்கு,

நாகேஸ்வரராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் விடியற்காலையில் ஓடுகிறவர்களுக்காகவும், கனடாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் குளிர்காலத்தில் கிளம்பும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். மயிலாப்பூரில் வளர்ந்து, டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறியவள் நான். இங்கே வருஷம் பூராவும் வெளியில்தான் ஓடுகிறேன், ஜனவரியிலும்.

ஓட்டம் நம் ஊரில் நன்றாக வேரூன்றிவிட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னை மாரத்தானுக்கு ஆயிரக்கணக்கானோர் இருட்டு விலகும் முன்பே திரண்டுவிடுகிறார்கள். அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் பொதுவாழ்க்கைக்கு நடுவிலும் அரை மாரத்தான்களை ஓடிக்கொண்டே இருக்கிறார். 2023 நவம்பரில் அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் 8 கிலோமீட்டருக்கு நடைப்பயிற்சிப் பாதையே வந்தது. அப்படி ஊரில் தவறாமல் ஓடிய பிள்ளைகள் இங்கே வந்ததும் முதல் டிசம்பரிலேயே ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். பார்க்க வரும் அப்பா அம்மாவோ கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டர் பக்கத்திலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சர்க்கரை வியாதி பரம்பரையாக வரும் குடும்பங்கள் நம்முடையவை. வருஷத்தில் நாலைந்து மாதம் உடம்பை முடக்கிப் போடுவது நமக்குக் கட்டுப்படியாகாது.

குளிர் இவர்களைத் தடுக்கவில்லை. என்ன உடுத்துவது என்று யாரும் சொல்லித்தராததுதான் தடுக்கிறது.

சென்னையில் ஓடிப் பழகியவருக்கு முக்கியமான பாடம் ஏற்கெனவே தெரியும்: ஓடுகிறவருக்கு எதிரி வியர்வை. அங்கே அது காயாமல் உடம்பைப் புழுங்க வைக்கிறது. இங்கே துணியில் தங்கி உடம்பை உறைய வைக்கிறது. ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அதனால் மைனஸ் 10 டிகிரியிலும் வியர்க்கும். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். நனைந்த பனியனோடு சிக்னலில் இரண்டு நிமிஷம் நின்றாலே முதுகு சில்லிட்டுப் பற்கள் கிடுகிடுக்கும்.

ஆகவே பெட்டி கட்டும் அம்மாக்களிடம் என் முதல் வேண்டுகோள்: பருத்தி பனியன், பருத்தி சாக்ஸ், தடித்த ஸ்வெட்டர் இரண்டு என்று அடுக்காதீர்கள். வீட்டில் போட்டுக்கொள்ளப் பருத்தி நல்லது, ஓடுவதற்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு விடவே விடாது. அதற்குப் பதிலாக, சென்னை ஓட்டங்களில் கொடுத்த டிரை-ஃபிட் டி-சர்ட் அலமாரியில் கிடக்குமே, அதை வையுங்கள். வியர்வையை உடம்பிலிருந்து வெளியே இழுத்துவிடுகிற அந்த பாலியஸ்டர் துணிதான் இங்கே உள் அடுக்கு. அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ் அல்லது மெரினோ கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத லேசான ஜாக்கெட். இந்த மூன்று அடுக்கு போதும். கழுத்துப் பக்கம் ஜிப் வைத்ததாக இருந்தால் சூடேறும்போது திறந்துவிட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு உடுத்துவது? இங்கே ஓடுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: வெளியே இருப்பதைவிட 10 டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்த வேண்டும். வாசலில் இறங்கும்போது கொஞ்சம் நடுங்க வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம். 10 டிகிரியில் அரைக்கால் சட்டையே போதும். 5 டிகிரி வந்தால் முழுக்கை சட்டை, டைட்ஸ், மெல்லிய கையுறை. பூஜ்யத்துக்குக் கீழே மூன்று அடுக்கும் வேண்டும். மைனஸ் 10-க்குக் கீழே விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாக உட்காரும் மிட்டன் நல்லது. விரலுக்கு விரல் சூடு கொடுக்கும். மூக்கையும் வாயையும் மூடக் கழுத்துப்பட்டை வேண்டும். வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழலை இறுக்கும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் இதை மறக்கவே கூடாது.

மார்கழியில் மாட வீதிகளில் பஜனைக்கு வரும் பெரியவர்களின் மங்கி குல்லாவை இங்கே தாராளமாகக் கொண்டு வாருங்கள். காதும் கழுத்தும் ஒருசேர மூடுவதற்கு அதைவிட நல்ல வடிவம் கிடையாது. இங்கே மலையேறுகிறவர்களும் பனிச்சறுக்கு ஆடுகிறவர்களும் போடுவது அதே வடிவம்தான். மெல்லிய கம்பளியாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கடுங்குளிரில் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிவிட்டு ஓடுங்கள். உலோகம் சீக்கிரம் குளிர்ந்து, ஒட்டியிருக்கும் சதையின் சூட்டையும் உறிஞ்சிவிடும். கழற்ற முடியாத மூக்குத்தியானால் துணியால் நன்றாக மூடிக்கொள்ளுங்கள். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் குளிர் தாக்காது என்பதையும் நம்ப வேண்டாம். பின்லாந்தின் படைவீரர்களிடையே நடந்து 1990களில் வெளியான ஆய்வில், களிம்பு பூசியவர்களுக்குத்தான் தோல் உறைந்து உண்டாகும் உறைபுண் அதிகமாக வந்தது.

தட்பவெப்பத்தைப் பார்க்கும்போது காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 28-ஐத் தொட்டால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடா அரசின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. அன்றைக்கு டிரெட்மில்லோ மால் நடையோ போதும். உறைபுண் வெளுத்த தோலில் சிவந்து, பிறகு வெண்மையாகத் தெரியும். நம் மாநிறத்தில் சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும், கவனிக்காமல் விட்டுவிடுவோம். மூக்கு நுனி, காது மடல், விரல் நுனி மரத்துப்போனால் உடனே வீட்டுக்குத் திரும்புங்கள். தேய்க்கக் கூடாது, வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

போகும்போது காற்றை எதிர்த்து ஓடுங்கள், வரும்போது அது முதுகில் படட்டும். வியர்த்த பிறகு எதிர்க்காற்று மார்பில் அடித்தால் தாங்காது. ஐஸ் படிந்த தரையில் ஷூவுக்கு மேல் மாட்டும் முள்பட்டை உதவும். அடியைச் சிறிதாக வையுங்கள். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் ஒளி தெறிக்கும் பட்டை கட்டாயம். ஓடி முடித்ததும் முதல் வேலை ஈரத் துணியை மாற்றுவது. காபி அதற்குப் பிறகு. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும்.

பக்கத்து ஹாமில்டன் நகரில் 1894 முதல் 30 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது. பாஸ்டன் மாரத்தானுக்கும் மூத்தது. மார்ச் மாதத்தில் நடப்பதால் அதற்கான பயிற்சி முழுக்கப் பனிக்காலத்தில்தான். ஒண்டாரியோ ஏரிக்கரையில் மார்ட்டின் குட்மன் பாதையின் பல பகுதிகளில் மாநகராட்சி பனியைத் தள்ளி வழி செய்துகொடுக்கிறது. அங்கே எழுபது வயதைத் தாண்டியவர்களும் ஓடுவதைப் பார்க்கிறேன். நம்மவர்கள்தான் குறைவு.

எனவே இந்த டிசம்பரில் விமானம் ஏறப்போகிறவர்கள் ஓட்டக் காலணியையும் அந்த டிரை-ஃபிட் சட்டையையும் பெட்டியில் மேலாக வையுங்கள். பிள்ளைகளை அனுப்பியவர்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு "ஓடினியா?" என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து ஒரு மயிலாப்பூர்க்காரி